கிண்ணத்தில் வளரும் கல்லீரல்



நம் நாட்டு அரசாங்க மருத்துவமனையில் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு 'ஜி சிக்ஸ் பி டி' என்ற சொல் புதிதல்ல. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் அதைப் பரிசோதிக்கிறார்கள். குறை இருப்பது தெரிந்தால், துணிப்பெட்டியில் பாச்சை உருண்டை போடக்கூடாது, சில சீன மூலிகைகளைக் கொடுக்கக்கூடாது என்று தாதி எச்சரித்து அனுப்புகிறார். சிவப்பணுக்களில் இருக்க வேண்டிய ஒரு நொதி போதிய அளவில் இல்லை என்பதே அந்தக் குறை. இது பெற்றோர் வழி வருவது, தொற்றுவது அல்ல.

நொதி என்பது உடலுக்குள் ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றித் தரும் வேலையாள். ரப்பர் ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். பால் வந்து சேர்கிறது; ஒருவர் அதை உறைய வைக்கிறார்; அடுத்தவர் உருளையில் கொடுத்துத் தகடாக்குகிறார்; மற்றொருவர் புகைக்கூண்டில் ஏற்றுகிறார். உருளைக்காரர் ஒருவர் வராவிட்டால் என்ன ஆகும்? ஒரு பக்கம் உறைந்த பால் குவியும். மறுபக்கம் தகடு கிடைக்காது. ஒரு நொதி இல்லாத உடலிலும் இதே இரண்டு தொல்லைகள்தாம். தேங்கக் கூடாதது தேங்கும். வர வேண்டியது வராது. இப்படிப்பட்ட நோய்கள் பல நூறு உண்டு. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் அரிது.

அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாம் உண்ணும் சோற்றின் சர்க்கரையில் ஒரு பகுதியைக் கல்லீரல் 'கிளைக்கோஜன்' என்ற பொருளாகச் சேமித்து வைக்கிறது. வயிறு காலியான நேரத்தில் அதை மீண்டும் சர்க்கரையாக்கி இரத்தத்தில் விடுகிறது. இரவில் நாம் எட்டு மணி நேரம் தூங்கிவிட்டு மயங்காமல் எழுந்திருப்பது இதனால்தான். அந்தச் சேமிப்பறையைத் திறக்கும் கடைசி நொதி சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இல்லை. ஒரு லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கலாம் என்பது மருத்துவர் கணக்கு. இந்நோயை 1929இல் ஃபான் கீர்க்கே என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்தார். குறைவது எந்த நொதி என்பதை 1952இல் கோரி தம்பதியர் கண்டுபிடித்தார்கள். அந்த நொதியின் பெயர் 'ஜி சிக்ஸ் பி டி'யைப் போலவே ஒலிக்கும். ஆனால் இரண்டும் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்தக் குழந்தைக்குக் கல்லீரல் வீங்கி வயிறு முன்தள்ளும், கன்னம் பொம்மையைப் போல் உப்பியிருக்கும், வளர்த்தி குறையும். மூன்று நான்கு மணி நேரம் பால் குடிக்காவிட்டால் வியர்க்கும், துவளும், வலிப்பும் வரலாம். பார்க்கிறவர்களுக்குக் கொழுகொழு பிள்ளையாகத் தெரியும். கிடங்கு நிறைய நெல் இருந்தும் உலையில் போட ஒரு பிடி இல்லாத வீடு அது.

இதற்கு 1984இல் கண்ட வழி நம் சமையலறையிலேயே இருக்கிறது: வேகவைக்காத சோளமாவு. தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் அது குடலில் மெல்ல மெல்லக் கரைந்து சர்க்கரையைத் தந்துகொண்டே இருக்கும். வேகவைத்தால் சீக்கிரம் கரைந்து பயன் போய்விடும். அளவும் நேரமும் மருத்துவர் சொல்ல வேண்டியவை. கைக்குழந்தைக்கு நாமாகக் கொடுக்கக்கூடாது. இதனால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் நள்ளிரவில் கடிகாரம் வைத்து எழுந்து மாவு கலக்கும் தாய்க்கு ஓய்வில்லை, நோயும் தீரவில்லை.

நோயைத் தீர்க்க வேண்டுமானால், அது கல்லீரலின் உயிரணுவுக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் சிக்கல். குழந்தையின் தோலை எடுத்துப் பார்த்தால் அது நலமாகவே தெரியும். பழுதான மரபணு தோலிலும் இருக்கிறது. ஆனால் தோலுக்கு அந்த நொதி தேவையில்லாததால் அந்தப் பக்கம் மூடியே கிடக்கிறது. கல்லீரலிலோ திறந்திருக்கிறது. அதற்காகப் பச்சைப் பிள்ளையின் கல்லீரலை மீண்டும் மீண்டும் கிள்ளி எடுக்க முடியுமா?

வழி காட்டியவர் ஜப்பானில் கியோத்தோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்யா யாமானாக்கா. 2006இல் எலியின் தோலணுக்களிலும் 2007இல் மனிதனின் தோலணுக்களிலும் நான்கே நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அவற்றைக் கருவில் இருந்த இளநிலைக்குத் திருப்பினார். இவற்றைக் குருத்தணு என்கிறோம். குருத்தணு எந்த உறுப்பின் அணுவாகவும் வளரக்கூடியது. இதற்காக 2012இல் ஜான் கர்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

குருபோங், டுரியான் துங்கால், அலோர் காஜா பக்கத்து நேயர்களுக்கு இது மாயமாகத் தோன்றாது என்று நினைக்கிறேன். செம்பனையின் இளங்குருத்திலிருந்து சிறு துண்டை வெட்டிக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்து முழுக் கன்றாக்குவது இந்நாட்டில் நடந்துவரும் தொழில். இலையாக வேண்டிய அணு, திரும்பிப்போய் மரமாகிறது. அதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அப்படி வளர்ந்த சில மரங்களில் காய்கள் கோணலாகி எண்ணெய் இல்லாமல் போனது 1980களிலேயே தெரிந்தது. மரபணுவின் எழுத்து மாறவில்லை, அதன்மேல் இருந்த ரசாயன அடையாளம் அழிந்ததே காரணம் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள். மனிதக் குருத்தணுவையும் இதே கவனத்தோடு சோதித்த பிறகுதான் நம்புகிறார்கள்.

2010இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒரு குழுவினர், பிறவிக் கல்லீரல் நோயாளிகளின் தோலைச் சிறிது எடுத்துக் குருத்தணுவாக்கி, அதைக் கல்லீரல் அணுவாக வளர்த்தார்கள். நாம் பார்த்த சர்க்கரைத் தேக்க நோயும் அவற்றுள் ஒன்று. கிண்ணத்தில் வளர்ந்த அணுக்களிலும் கிளைக்கோஜனும் கொழுப்பும் அப்படியே தேங்கின! பிள்ளை வீட்டில் விளையாடிக்கொண்டிருக்க, அவன் நோய் மட்டும் கிண்ணத்தில் இருந்தது. மறு ஆண்டு, வேறொரு கல்லீரல் நோயாளியின் குருத்தணுவில் பிழையான மரபணு எழுத்தைத் திருத்திக் காட்டினார்கள். பழுதுள்ள அணுவையும் திருத்திய அணுவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வேற்றுமைக்குக் காரணம் அந்த ஒரு எழுத்துதான் என்று அடித்துச் சொல்லலாம்.

மருந்து தேடவும் இது உதவுகிறது. பிறவியிலேயே கொழுப்பு மிகுந்த ஒரு நோயாளியின் அணுவிலிருந்து வளர்த்த கல்லீரல் அணுக்களில் சுமார் 2,300 பொருள்களைச் சோதித்து, பழைய இதய மருந்து வகை ஒன்று கொழுப்பைக் குறைப்பதை அமெரிக்காவில் 2017இல் கண்டார்கள். அதற்காக யாரும் அதை வாங்கி விழுங்கிவிட வேண்டாம். அது ஆய்வின் தொடக்கந்தான். கிண்ணத்தில் வளர்வதும் முதிர்ந்த கல்லீரல் அல்ல, பிஞ்சு. ஆகவே, குருத்தணு ஊசி போட்டு எந்த நோயையும் தீர்க்கிறோம் என்று பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நான் சொல்வது நோயை அறியும் வேலை. ஊசி விற்கும் வியாபாரம் அல்ல.

இனி நம் குடும்பங்களுக்கு வருகிறேன். பிறந்த பிள்ளைகள் இரண்டு மூன்று அடுத்தடுத்துத் தவறிவிட்டால், 'இவள் ராசி இல்லாதவள்' என்று மருமகளைப் பேசும் வீடுகள் உண்டு. சர்க்கரைத் தேக்க நோய் தாயிடமிருந்து மட்டும் வருவதில்லை. தந்தை ஒரு பழுதான பிரதியும் தாய் ஒரு பழுதான பிரதியும் கொடுத்தால்தான் வருகிறது. அவர்கள் இருவரும் நலமாகவே இருப்பார்கள். ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தாய்மாமனும் மருமகளும் மரபணுவில் கால் பங்கையும், அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கையும் பொதுவாகக் கொண்டிருப்பதால், ஒரே பழுது இருவரிடமும் சேர வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் கட்டிய பெரும்பாலோருக்கு நல்ல பிள்ளைகளே பிறக்கின்றன என்பதும் உண்மை.

பச்சைக் குழந்தை பால் குடிக்க மறுத்து, காரணமில்லாமல் வாந்தியெடுத்து, எழுப்பினாலும் எழாமல் துவண்டால் மந்திரித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். முன்பு ஒரு பிள்ளை தவறியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், உறவுமுறையையும் சொல்லுங்கள். தேவையானால் மருத்துவர் இரத்தத்தையும் சிறுநீரையும் சிறப்புச் சோதனைக்கு அனுப்புவார். நம் தாத்தாமார் காலத்தில் மலேரியாவையும் பெரிபெரியையும் ஆராய்ந்த, 1900இல் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இப்படிப்பட்ட சோதனைகளையும் செய்துவந்திருக்கிறது.

என்றாவது ஒரு மருத்துவர், ஆய்வுக்காக உங்கள் பிள்ளையின் கையிலிருந்து மிளகளவு தோல் கேட்கலாம். மரக்கச்செய்துவிட்டுத்தான் எடுப்பார்கள். எதற்கு, எங்கே வைப்பீர்கள், பிள்ளையின் பெயர் வெளியே தெரியுமா, முடிவை எங்களிடம் சொல்வீர்களா என்று கேளுங்கள். தாளில் எழுதியிருப்பது புரியாவிட்டால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். மனமில்லாவிட்டால் மறுக்கலாம், மறுத்தாலும் பிள்ளைக்குரிய வைத்தியம் நிற்கக்கூடாது.