கோழி தொடர்ந்து சாகிறதா? காரணத்தைத் தேடுவோம்

லயத்தில் கோழி வளர்ப்பது பொழுதுபோக்குக்காக அல்ல. சம்பளத்தில் பிடிப்பெல்லாம் போன பிறகு பிள்ளைக்குக் கொப்பி வாங்கவும், ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் காசுக்கும், நல்லநாள் பெருநாளுக்கும் கைகொடுப்பது முட்டை விற்ற காசுதான். அந்தக் காசு அநேகமாக வீட்டுப் பெண்களின் கையில் இருக்கிற காசு. ஆகவே ஒரே கிழமையில் பத்துக் கோழியும் செத்துக் கூடு காலியானால் அது அந்த வீட்டுக்குப் பெரிய அடிதான்.

அதைவிட மோசமானது, திரும்பவும் குஞ்சு வாங்கி விட்டு, ஆறு மாதத்தில் அதுவும் சாவது. "மூணு தடவை வாங்கி விட்டாச்சுங்க ஐயா, நமக்குக் கோழி ராசியில்லை, யாரோ கண்ணூறு வச்சிட்டாங்க" என்று சொல்லி, கூட்டைப் பிரித்து விறகுக்குப் போட்டவர்களும் இருக்கிறார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூன்று தடவையும் ஒரே காரணத்தால் செத்திருக்கலாம். அந்தக் காரணம் என்னவென்று பார்க்காமல் நாலாவது தடவை வாங்கினால் அதுவும் சாகும்.

முதலில் பார்க்க வேண்டியது, எந்த வயதுக் கோழி சாகிறது, எப்படிச் சாகிறது என்பதைத்தான். மூன்று முதல் ஆறு கிழமைக் குஞ்சுகள் மட்டும் இறக்கையைத் தொங்கவிட்டுக் குறண்டிக்கொண்டு நின்று, எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அது பெரும்பாலும் இரத்தக் கழிச்சல். ஈரத்தில் வரும் நோய் அது. நம் பக்கம் வைகாசி, ஆனி மழை தொடங்கினால் கூட்டுக்குள் போட்ட மரத்தூள் காயவே காயாது. ஈரத்தூளை அள்ளி எறிந்துவிட்டுக் காய்ந்த தூளோ உமியோ போட்டு, தண்ணீர்ச் சட்டி கவிழாமல் கல் வைத்தாலே பாதி குறையும். இதற்குத் தண்ணீரில் கலந்து கொடுக்க மருந்தும் இருக்கிறது, ஆரம்பத்திலேயே மிருக வைத்தியரிடம் கேட்டு வாங்கினால் குஞ்சு பிழைக்கும். முகத்திலும் கொண்டையிலும் கொப்புளம் கண்டால் அம்மை. அதை நுளம்பும் பரப்பும். பொரித்த முதல் சில நாட்களில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிச் செத்தால் அநேகமாகக் குளிர்தான் காரணம். இரவில் தாய்க்கோழியோடு சாக்குப்போட்ட பெட்டியில் அடையுங்கள். காலையில் கழுத்தில் கடிபட்டுக் கிடந்தால் கூட்டுக் கம்பியைப் பாருங்கள், அது மரநாயோ கீரியோ செய்த வேலை.

நல்லாயிருந்த கோழி திடீரென்று செத்துக் கிடந்தால் நஞ்சையும் நினைக்க வேண்டும். மலைக்கு மருந்து அடித்த வெறும் கேனை வெட்டிக் கோழிக்குத் தண்ணீர் வைக்கிறார்கள். எத்தனை தடவை கழுவினாலும் அந்தக் கேன் கோழிக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது.

ஆனால் குஞ்சு, பெட்டை, சேவல் என்று பாராமல் ஒரு லயத்தையே துடைத்துக்கொண்டு போவது ராணிக்கெட் நோய். ராணி என்று பெயர் இருப்பதால் ஏதோ ராணி கதை என்று நினைக்க வேண்டாம், அது வட இந்தியாவில் மலைப்பக்கம் உள்ள ஓர் ஊர். 1920களில் அங்கே இந்த நோயைக் கண்டதால் அந்தப் பெயர். இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊர்ப்பக்கம் 1926இல் கண்டதால் நியூகாசில் நோய் என்றும் சொல்வார்கள். கோழி தீன் எடுக்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பச்சையாகக் கழியும், காலும் இறக்கையும் விழும், சிலதுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும்.

இதற்கு மருந்து இல்லை. நமக்கு டிஸ்பென்சரியில் தந்த மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பதும், அன்டிபயோட்டிக் கொடுப்பதும் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. மஞ்சளும் வெங்காயமும் அரைத்துக் கொடுப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் ராணிக்கெட் அதற்கு அடங்காது. வந்த பிறகு ஊசி போடுவதும் பிந்திய வேலைதான்.

நோய் எப்படி லயம் லயமாகப் போகிறது? நாம்தான் கொண்டுபோகிறோம். ஒன்று இரண்டு விழுந்ததும், "மிச்சத்தையாவது காசாக்குவோம்" என்று அடுத்த டிவிஷனுக்கு விற்கிறோம். கையில் காசில்லாதவர்கள் அப்படி நினைப்பதைக் குறை சொல்லவும் மனம் வராது. ஆனால் பார்வைக்குச் சுகமாக இருக்கும் கோழிக்குள்ளும் கிருமி இருக்கும். பெரும்பாலும் ஐந்தாறு நாளில் நோய் வெளியில் தெரியும், சிலவேளை இரண்டு கிழமையும் ஆகும். விற்ற இடத்திலும் சாவு விழும், அங்கிருந்து திரும்பி நம் லயத்துக்கே வரும். செத்த கோழியை ஆற்றிலோ பீலிக் கானிலோ எறிவதும், நாய்க்குப் போடுவதும் இதே வேலைதான். இரண்டு மூன்று அடிக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

புதைப்பதற்கு முன் ஒரு காரியம். அப்போதே செத்த ஒரு கோழியையும் நோயோடு இருக்கும் ஒன்றையும் பொலித்தீன் பையிலும் பெட்டியிலுமாக அன்றைக்கே அரசாங்க மிருக வைத்திய காரியாலயத்துக்குக் கொண்டுபோனால், அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்வார்கள். பல வீட்டுக் கோழிகள் ஒன்றாகச் சாகும்போது அறிவிப்பது நம் கடமையும்கூட. விலங்கு நோய்களுக்கென்று 1992ஆம் ஆண்டு 59ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. பறவைக் காய்ச்சல் பற்றிக் கேள்விப்படும் இந்தக் காலத்தில், கூட்டமாகச் செத்த கோழியை உரித்துக் கறி வைக்கவே கூடாது.

கூடு காலியானதும் அடுத்த சந்தையிலேயே குஞ்சு வாங்காதீர்கள். எச்சத்தைச் சுரண்டிப் புதைத்து, கூட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வெயிலில் காயவிட்டு, ஒரு மாதமாவது சும்மா போடுங்கள். பக்கத்துக் காம்பராவில் இன்னும் சாகிறதென்றால் அந்த ஒரு மாதக் கணக்கும் செல்லாது. முனியாண்டிக்கு நேர்ந்து வெளித் தோட்டத்திலிருந்து வாங்கிவரும் சேவலையும் மற்றக் கோழிகளோடு விடாமல் பூசை வரைக்கும் தனியாகக் கட்டி வையுங்கள்.

ராணிக்கெட்டுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. கண்ணில் ஒரு சொட்டு விடுகிற மருந்தை ஒரு கிழமைக் குஞ்சிலிருந்தே கொடுக்கலாம், பெரிய கோழிக்கு ஊசியும் உண்டு. சுகமாக இருக்கும் கோழிக்குத்தான் போட வேண்டும். பலன் தெரிய இரண்டு கிழமை ஆகும். ஒரு தடவையோடு முடிந்துவிடாது, சொட்டு மருந்தென்றால் மூன்று நான்கு மாதத்துக்கொரு தடவை திரும்பவும் வேண்டும். இடையில் பொரித்த குஞ்சுகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவர வேண்டும். கரைத்தால் ஓரிரு மணித்தியாலத்தில் முடித்துவிட வேண்டும். கொடுத்தவர் கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் கண் சிவக்கும்.

கஷ்டம் என்னவென்றால், ஒரு போத்தலில் நூறு கோழிக்கு மேல் போடும் மருந்து இருக்கும். ஆறு கோழி வைத்திருக்கிற ஒரு அம்மாவுக்காக அதை உடைக்க முடியாது. தான் மட்டும் போட்டு, சுற்றிலும் போடாமல் இருந்தாலும் கிருமி லயத்தை விட்டுப் போகாது. அதனால் ஒரு லயம் முழுவதும், முடிந்தால் டிவிஷன் முழுவதும் ஒரே நாளில் போடுவதுதான் வழி. வேலைக்குப் போவதற்கு முன், கூடு திறக்காத விடியற்காலையில் பிடித்தால் கோழிக்குப் பின்னால் ஓட வேண்டியதில்லை.

வீட்டுக்கு வீடு கணக்கெடுத்து உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுங்கள். அவர் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியரோடு பேசித் திகதி எடுப்பார். கணக்குச் சொல்லும்போது அடைக்கோழியையும், கூடைக்குள் இருக்கிற குஞ்சுகளையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.