பவுண்டுக்கு மூன்று பென்ஸ்

ஒரு சிறு நகரத்தின் மருத்துவச் செலவுக்கு யார் பணம் தருவது என்பதும், அந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று யார் தீர்மானிப்பது என்பதும் பார்வைக்கு ஒரே கேள்வியாகத் தோன்றினாலும், உண்மையில் இரண்டு வேறு கேள்விகள். முதற்கேள்விக்குக் கண்ட நல்ல விடையே இரண்டாவதைச் சிக்கலாக்கிவிடவும் கூடும் என்பதற்குப் பிரிட்டனின் மருத்துவ வரலாறு தெளிவான சான்று. அந்த வரலாற்றின் தொடக்கம் இலண்டனில் இல்லை; தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் ஒன்றில் அமைந்த, இருபத்து நான்காயிரம் பேர் அளவில் வாழ்ந்த ட்ரெடீகர் என்னும் சுரங்க நகரில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பகுதியின் இரும்பாலைகளிலும் சுரங்கங்களிலும், தொழிலாளியின் கூலியிலிருந்து வாரந்தோறும் சிறு தொகையைப் பிடித்துக்கொண்டு, அதைக்கொண்டு நிறுவனமே ஒரு மருத்துவரை அமர்த்தும் வழக்கம் இருந்தது. பணம் தொழிலாளியுடையது, மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ முதலாளியுடையது. காயம்பட்டவன் வேலைக்குத் திரும்பத் தகுதியானவனா, அவனுடைய நோய்க்குச் சுரங்கம் காரணமா என்பனவற்றுக்குச் சான்றளிப்பவரும் அதே மருத்துவர்தான் என்பதால், அவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பது வயிற்றுப்பாட்டைத் தொடும் விஷயமாயிற்று. நிதியையும் நியமனத்தையும் தம் கைக்கே கொண்டுவரவேண்டும் என்று பல ஊர்களில் தொழிலாளர்கள் வாதாடியதன் வேர் இதுவே. ட்ரெடீகரில் 1890 இல் அமைந்த தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கம் அந்த வாதத்துக்குக் கிடைத்த நிலையான வடிவம்.

சங்கத்தின் நிதி ஏற்பாடு எளிமையானது. உறுப்பினரின் கூலியில் பவுண்டு ஒன்றுக்கு மூன்று பென்ஸ் பிடிக்கப்பட்டது. அக்காலத்தில் ஒரு பவுண்டு 240 பென்ஸ் என்பதால், இது வருமானத்தில் எண்பதில் ஒரு பங்கு. கூடுதலாகச் சம்பாதிப்பவர் கூடுதலாகக் கொடுத்தார். நோய் அதிகம் உள்ளவரோ, பிள்ளைகள் அதிகம் உள்ளவரோ அதற்காகக் கூடுதலாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. சுரங்கத்தில் வேலை செய்யாத கடைக்காரர்களும் பிறரும் தனிச் சந்தா கட்டிச் சேரலாம். 1911 ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டம் நாடெங்கும் கூலித் தொழிலாளிக்கு மட்டும் மருத்துவரை உறுதி செய்து, அவன் மனைவியையும் குழந்தைகளையும் வெளியே விட்டிருந்த நிலையில், ட்ரெடீகர் சங்கம் குடும்பம் முழுவதையும் உள்ளே வைத்திருந்தது. அதன் செழிப்பான ஆண்டுகளில் நகரத்தாரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவுக்கு அதன் பாதுகாப்பில் இருந்தனர். ஐந்து பொது மருத்துவர்கள், ஓர் அறுவை சிகிச்சை நிபுணர், மருந்தாளர்கள், பல் மருத்துவர், இயன்முறைச் சிகிச்சையாளர், வீடுகளுக்குச் செல்லும் செவிலி ஆகியோர் சங்கத்தின் ஊதியத்தில் பணியாற்றினர். மூக்குக் கண்ணாடியும் செயற்கைப் பல்வரிசையும்கூடச் சங்கத்தின் வழியே கிடைத்தன. இவ்விரு பொருள்களும் பின்னால் ஓர் அமைச்சரின் பதவி விலகலுக்குக் காரணமாகப் போகின்றன என்பதால், அவற்றை இங்கே குறித்துக்கொள்வது நல்லது.

சங்கத்தை நடத்தியது உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட செயற்குழு. கூலித் தொழிலாளர்கள் கூடிப் பேசி மருத்துவரை நியமிப்பதும், அவரிடம் கணக்குக் கேட்பதும் மருத்துவத் தொழிலின் அமைப்புகளுக்குக் கசப்பாகவே இருந்தன. அந்தக் கசப்பை வெறும் வர்க்க ஆணவம் என்று தள்ளிவிட முடியாது. 1921 முதல் 1924 வரை இச்சங்கத்தில் மருத்துவராக இருந்த ஏ. ஜே. குரோனின், 1937 இல் வெளியிட்ட ‘தி சிட்டடெல்’ என்ற நாவலில், இத்தகைய சங்கம் ஒன்றின் குழு அரசியலையும், தலைமை மருத்துவர் உதவி மருத்துவர்களின் ஊதியத்தில் பங்கு பறிக்கும் வழக்கத்தையும் கடுமையாகவே சித்திரித்தார். 1948 இல் நாடு முழுமைக்கும் வந்த தேசிய மருத்துவச் சேவைக்கு மக்கள் மனத்தைப் பதப்படுத்திய நூல் என்று பின்னால் புகழப்பட்ட அந்த நாவல், அச்சேவைக்கு முன்மாதிரியாக இருந்த அமைப்பைப் பற்றி அவ்வளவு இனிமையாகப் பேசவில்லை என்பது பலர் கவனிக்காத முரண். செயற்குழு பெரும்பாலும் ஆண்களின் உலகம் என்பதையும், தேர்தல் இருந்த இடத்தில் சிபாரிசும் கோஷ்டியும் இருந்திருக்கும் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் தவறு செய்த குழுவை அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கலாம், அடுத்த தேர்தலில் மாற்றலாம் என்ற உரிமை உறுப்பினருக்கு இருந்தது.

இந்தக் குழுக்களின் முக்கியத்துவத்தை நன்கு அறிந்தவர்களுள் ஒருவர், பதின்மூன்று வயதிலேயே சுரங்கத்தில் இறங்கிய அனைரின் பெவன். அவரும் நண்பர்களும் 1920களின் தொடக்கத்தில் ஒரு விவாதக் குழுவை அமைத்து, தொழிற்சங்கக் கிளை, தொழிலாளர் நூலகம், மருத்துவ உதவிச் சங்கம், நகர மன்றம் என ஊரின் ஒவ்வோர் அமைப்பிலும் இடம்பிடிக்கத் திட்டமிட்டு உழைத்தனர். பெவன் 1922 இல் ட்ரெடீகர் நகர மன்றத்துக்கும், 1928 இல் மன்மத்ஷயர் கவுண்டி மன்றத்துக்கும், 1929 இல் நாடாளுமன்றத்துக்கும் சென்றார். அதிகாரத்தைத் தேடி நகர மன்றத்துக்குப் போனால் அது கவுண்டி மன்றத்துக்குப் போய்விட்டிருந்தது, அங்கே போனால் அங்கிருந்தும் கிளம்பிவிட்டிருந்தது என்று பின்னாளில் நாடாளுமன்றத்தில் அவர் வேடிக்கையாகச் சொன்னார். அந்த வேடிக்கையின் உள்ளே ட்ரெடீகர் முறையின் அடிப்படைக் குறை இருக்கிறது. கூலியிலிருந்து வரும் நிதி, கூலி நின்றால் நின்றுவிடும். 1926 இல் நிலக்கரி முதலாளிகள் சுரங்கங்களை மாதக் கணக்கில் பூட்டியபோதும், அடுத்து வந்த பெருமந்தத்தின்போதும், பட்டினியும் நோயும் கூடிய அதே வேளையில் சங்கத்தின் வருவாய் சரிந்தது. ஓர் ஊரின் எல்லோரும் ஒரே தொழிலை நம்பியிருக்கும்போது, அந்த ஊருக்குள் எவ்வளவு நேர்மையாகச் சுமையைப் பகிர்ந்தாலும், எல்லோரும் ஒரே நாளில் ஏழையாவதை அந்தப் பகிர்வு தடுக்காது. தவிரவும், அண்டை ஊர்கள் பலவற்றில் இத்தகைய சங்கமே இல்லை. விவசாய மாவட்டங்களின் நிலை இன்னும் மோசம்.

ஆகவே 1945 இல் சுகாதார அமைச்சரான பெவன், சுமையை ஊரிலிருந்து எடுத்து நாட்டின் தலையில் வைத்தார். ட்ரெடீகர் ஒரு தலைமுறையாக அனுபவித்ததையே பிரிட்டன் முழுமைக்கும் விரிக்கிறேன் என்பது அவர் தந்த விளக்கம். நிதியைப் பொறுத்தவரை இது சரி. 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய தேசிய மருத்துவச் சேவையின் செலவில் பெரும்பங்கு பொது வரியிலிருந்து வந்தது. நோயாளி மருத்துவரிடம் காசு எண்ணிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆட்சிமுறையைப் பொறுத்தவரை அந்த விளக்கம் பொருந்தாது. நன்கொடையில் நடந்த மருத்துவமனைகளும் நகராட்சிகள் நடத்திய மருத்துவமனைகளும் ஒருசேர அரசுடைமையாகி, அமைச்சர் நியமித்த மண்டல வாரியங்களின் கீழ் வந்தன. மருத்துவமனைகளை உள்ளாட்சிகளிடமிருந்து பிடுங்கக் கூடாது என்று அமைச்சரவைக்குள்ளேயே வாதிட்டவர், இலண்டன் கவுண்டி மன்றத்தை நடத்தி அனுபவம் பெற்ற ஹெர்பர்ட் மாரிசன். ஏழை ஊருக்கு ஏழை மருத்துவமனைதான் கிடைக்கும் என்ற பெவனின் வாதம் வென்றது; அது வென்றிருக்க வேண்டிய வாதமும்கூட. ஆனால் மாரிசனின் கேள்வி தோற்றதே தவிர, தீரவில்லை. ட்ரெடீகர் மருத்துவமனையில் மலத்தட்டு ஒன்று கீழே விழுந்தாலும் அதன் ஓசை வெஸ்ட்மின்ஸ்டரில் எதிரொலிக்க வேண்டும் என்று பெவன் சொன்னதாகக் கூறுவார்கள். அமைச்சரின் பொறுப்பைப் பெருமையாகச் சொல்லும் இந்தப் பேச்சில், மலத்தட்டைப் பற்றிப் புகார் சொல்ல ட்ரெடீகர்க்காரர் இனி வெஸ்ட்மின்ஸ்டர்வரை போகவேண்டும் என்பதும் அடக்கம்.

மையத்தின் கையில் நிதி இருப்பதன் விளைவு பெவனையே முதலில் தொட்டது. 1951 இல், கொரியப் போரை ஒட்டிய படைச் செலவுக்கு இடம் தேடிய நிதியமைச்சர் ஹ்யூ கெய்ட்ஸ்கெல், மூக்குக் கண்ணாடிக்கும் செயற்கைப் பல்லுக்கும் கட்டணம் விதிக்க, ட்ரெடீகர் சங்கத்தின் வழியே கிடைத்துவந்த அதே பொருள்களுக்காகப் பெவன் அமைச்சரவையை விட்டு வெளியேறினார். உள்ளாட்சிகளிடம் எஞ்சியிருந்த மருத்துவப் பணிகள் 1974 ஆம் ஆண்டின் சீரமைப்பில் பறிபோயின. ஈடாகச் சமுதாய நல மன்றங்கள் என்ற பெயரில், மக்கள் சார்பாகக் கேள்வி கேட்கவும் மருத்துவமனை மூடப்படுவதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் உரிமை பெற்ற, ஆனால் ஒரு பென்னியைக்கூட ஒதுக்கும் அதிகாரம் இல்லாத அமைப்புகள் உருவாயின. இங்கிலாந்தில் அவையும் 2003 இல் கலைக்கப்பட்டன.

கேட்க இடமில்லாத ஊர் என்ன செய்யும் என்பதற்குக் கம்பள நெசவுக்குப் பெயர்பெற்ற கிட்டர்மின்ஸ்டர் ஓர் உதாரணம். வூஸ்டர்ஷயர் கவுண்டியின் சுகாதார நிர்வாகம், வூஸ்டர் நகரில் ஒரு புதிய மருத்துவமனை கட்டவும், கிட்டர்மின்ஸ்டர் மருத்துவமனையின் உள்நோயாளிப் படுக்கைகளையும் அவசர சிகிச்சைப் பிரிவையும் அகற்றவும் 1990களின் இறுதியில் முடிவெடுத்தது. புதிய மருத்துவமனை, தனியார் நிதி முன்முயற்சி எனப்பட்ட முறையில் எழுந்தது. இம்முறையில் தனியார் கூட்டமைப்பு கடன் வாங்கிக் கட்டடத்தைக் கட்டித் தரும்; மருத்துவமனை அதற்கு ஆண்டுக் கட்டணத்தைப் பல பத்தாண்டுகளுக்குச் செலுத்திவரும். கட்டடத்துக்கான அந்தக் கட்டணத்தைக் குறைக்க வழியில்லாதபோது, மிச்சப்படுத்த எஞ்சுவது படுக்கைகளும் பணியாளர்களுமே என்று எதிர்ப்பாளர்கள் கணக்குக் காட்டினர். நிபுணர்களை ஓரிடத்தில் குவித்தால் சிகிச்சையின் தரம் உயரும் என்றது நிர்வாகம். அதில் உண்மை உண்டு. எனினும் அதை ஊராரோடு எடைபோட்டுப் பார்க்கும் மேடை எதுவும் இருக்கவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவு 2000 இல் மூடப்பட்டது.

ஊரார் தம்மிடம் மிஞ்சிய ஒரே கருவியான வாக்குச்சீட்டை எடுத்தனர். மருத்துவமனையைக் காக்கத் தோன்றிய இயக்கம் மாவட்ட மன்றத் தேர்தலில் போட்டியிட்டு இடங்களை வென்றது. ஆனால் மாவட்ட மன்றத்துக்கு மருத்துவமனை மீது எந்த அதிகாரமும் இல்லை. 2001 பொதுத்தேர்தலில், அம்மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற மருத்துவர் ரிச்சர்ட் டெய்லர் அவ்வூர் அடங்கிய வயர் ஃபாரஸ்ட் தொகுதியில் சுயேச்சையாக நின்று, 28,487 வாக்குகள் பெற்று, இளநிலை அமைச்சராக இருந்த தொழிற்கட்சி உறுப்பினர் டேவிட் லாக்கை 17,630 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். பெருங்கட்சிகளின் நாடான பிரிட்டனில் இது அபூர்வம். எல்லாக் கட்சிகளும் தத்தம் தொகுதி மருத்துவமனைகளைப் பயத்தோடு பார்க்கத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். 2005 இல் டெய்லர் மீண்டும் வென்றார். கிட்டர்மின்ஸ்டருக்குச் சிறு காயங்களுக்கான பிரிவும், திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளுக்கான மையமும் கிடைத்தன. ஆனால் நாடாளுமன்ற உறுப்பினரின் ஆயுள் ஐந்தாண்டு, மருத்துவமனைக் கட்டட ஒப்பந்தத்தின் ஆயுளோ ஏறத்தாழ ஒரு தலைமுறை. 2010 இல் டெய்லர் தோற்றபோது வூஸ்டரின் ஆண்டுக் கட்டணம் ஓடிக்கொண்டிருந்தது. கிட்டர்மின்ஸ்டரின் அவசர சிகிச்சைப் பிரிவு திறக்கப்படவில்லை.