ஆரம்பப் பாடசாலையில் கைக்கணினி

ஊர்ப் பாடசாலைக்கு நமது சங்கங்கள் உதவி செய்வது புதிய வழக்கமன்று. பெஞ்சும் கரும்பலகையும் வாங்கிக் கொடுத்த சங்கங்கள் உண்டு. குடிநீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தவையும் உண்டு. இப்பொழுது மகாசபைக் கூட்டங்களில் வேறொரு கோரிக்கை எழக்கூடும். சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு டேப்லெட் என்னும் கைக்கணினி வாங்கித் தரலாமே என்பதுதான் அது. பெஞ்சு வாங்கினால் குழந்தை அதில் உட்காரும், ஐயமில்லை. கைக்கணினி வாங்கினால் குழந்தை படிக்குமா? பொது நல நிதியில் உள்ள பணம் தறியிலும் வயலிலும் உழைத்து ஈட்டியதாதலால், இக்கேள்விக்கு விடை தேடிய பின்னரே அங்கத்தினர்கள் கை உயர்த்துவது முறை.

விடையின் ஒரு பகுதி ஆப்பிரிக்காவில் கிடைக்கிறது. தான்சானியா தேசத்தில் டாங்கா என்றொரு மாகாணம் உண்டு. கயிறு திரிக்கப் பயன்படும் சிசல் கற்றாழை நாருக்குப் பெயர்பெற்ற பூமி அது. ஆசிரியரின் துணையின்றியே குழந்தை எழுத்தும் எண்ணும் கற்க உதவும் செயலியை ஆக்குவோருக்கு ஒரு கோடி டாலர் வழங்குவதாக எக்ஸ்பிரைஸ் நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் அறிவித்தது. இறுதிக்குத் தேறிய குழுக்கள் ஐந்து. பெங்களூரைச் சேர்ந்த சிம்பிள் குழுவும் அவற்றுள் ஒன்று என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. இவ்வைந்து செயலிகளும் டாங்காவின் 170 கிராமங்களில், ஏறத்தாழ 2,700 குழந்தைகளிடம், 2017-ஆம் ஆண்டின் இறுதி முதல் 15 மாதங்கள் சோதிக்கப்பட்டன. கருவிகளுக்குச் சூரிய ஒளியால் மின்னேற்ற ஊர்தோறும் நிலையம் அமைத்தனர். பாடம் முழுவதும் சுவாகிலி மொழியிலேயே இருந்தது.

அக்குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினர் பள்ளி வாசலையே மிதியாதவர்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒரு சுவாகிலிச் சொல்லைக்கூட வாசிக்க அறியார். 15 மாதங்கள் கழிந்தபின் சோதித்தபோது, வாசிக்கவே இயலாதோர் தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. இங்கிலாந்தின் ஒன்பில்லியன் அமைப்பும், அமெரிக்காவிலும் தென்கொரியாவிலும் இயங்கும் ஒரு குழுவினரின் கிட்கிட் ஸ்கூல் செயலியும் 2019 மே மாதத்தில் பரிசைப் பகிர்ந்துகொண்டன.

இது நடந்த விதம் கவனிக்கத்தக்கது. இத்தகைய செயலி, எழுத்தின் ஒலியைக் குழந்தையின் காதில் சொல்லும். குழந்தை விரலால் அவ்வெழுத்தைத் தொடும், வரையும். தவறினால் ஏசுவதில்லை, மீண்டும் சொல்லும். ஒன்று மனத்தில் பதிந்த பிறகே அடுத்ததைக் காட்டும். நாற்பது குழந்தைகளைக் கட்டி மேய்க்கும் ஆசிரியருக்கு ஒவ்வொரு குழந்தையிடமும் இவ்வளவு பொறுமை காட்ட நேரம் ஏது? ஆயினும், பாதிப் பேர் வாசிக்க அறியாமலே நின்றனர் என்பதையும் மறைத்தலாகாது. பள்ளியே இல்லாத இடத்தில் இது பெரும் பேறு. பள்ளி இருக்குமிடத்தில் ஆசிரியரை வீட்டுக்கு அனுப்ப இது காரணமாகாது.

தென்னமெரிக்காவின் பெரு தேசம் 2008 முதல் கிராமப் பள்ளிக் குழந்தைகளுக்கு இலட்சக்கணக்கில் மடிக்கணினிகளை வழங்கியது. 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான அறிக்கை, கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் காணவில்லை என்றது. அங்கே கருவி இருந்தது. ஆனால் வகுப்புப் பாடத்தோடு பிணைந்த பயிற்சி அதில் இல்லை, ஆசிரியருக்கும் போதிய வழி காட்டப்படவில்லை. தறி வாங்கிய அன்றே சேலை கிடைத்துவிடுவதில்லை என்பதை நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாவு வேண்டும், ஊடை வேண்டும், அறுந்த இழையைக் கண்டு முடிச்சிடும் கண் வேண்டும்.

மலாவி தேசம் வேறு வழியை மேற்கொண்டது. அங்கே ஆரம்ப வகுப்பில் ஓர் ஆசிரியரிடம் நூறு குழந்தைகளுக்கு மேல் இருப்பது அரிதன்று. ஒன்பில்லியனின் செயலியைச் சிச்சேவா மொழியில் அமைத்துப் பள்ளியிலேயே வைத்தனர். குழந்தைகள் காதுக்கருவி அணிந்து முறைவைத்துப் பயில்கின்றனர். ஒரு கூட்டம் எழுந்தால் அடுத்த கூட்டம் அமர்கிறது. கருவி வீட்டுக்குப் போவதில்லை. வகுப்பின் ஏனைய நேரம் ஆசிரியருக்கே உரியது.

நம் தமிழ்நாட்டில், கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய, எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பது அதன் முறை. அவர்களின் நிலையை ஆசிரியர் செயலியில் பதிவிட வேண்டும். 2024-இல் அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினியும் வழங்கப்பட்டது. பதிவிடுவதிலேயே பாட நேரம் கரைகிறது என்று ஆசிரியர்கள் குறை கூறியதும் உண்டு. அக்குறையில் நியாயம் இருக்கிறது. கணக்கெழுதும் கருவி வேறு, குழந்தைக்குக் கற்பிக்கும் கருவி வேறு. நம்மிடம் உதவி கேட்போர் எதைக் கேட்கிறார்கள் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே, கோரிக்கை வரும்போது, செயலியைக் கூட்டத்திலேயே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். அது நல்ல தமிழில், குழந்தைக்குப் புரியும் உச்சரிப்பில் பேசுகிறதா? இணையத் தொடர்பு அறுந்தாலும் பாடம் ஓடுமா? விளம்பரம் குறுக்கிடுமா? பொம்மைகள் குதிப்பதும் வாணம் வெடிப்பதும் மட்டுமே மிகுந்திருந்தால் அது விளையாட்டுச் சாமானே. மாலையில் மின்னேற்றுபவர் யார்? திரை உடைந்தால், சில ஆண்டுகளில் மின்கலம் தளர்ந்தால், செலவு எவருடையது?

நாற்பது குழந்தைகளுக்கு நாற்பது கருவி வேண்டுமென்பதும் இல்லை. பத்துக் கருவிகளை வாங்கி, பத்துப் பத்துக் குழந்தைகளாக முறைவைத்துப் பயில ஆசிரியர் இசைந்தால் அதுவே போதும். மீதிப் பணம், பழுது பார்க்கும் செலவுக்கென்று பாடசாலையின் பெயரில் நம் சங்கத்திலேயே வைப்பாக இருக்கட்டும்.