கோப்புப் பூட்டும் கெர்னலின் அறிக்கையும்

வங்கிக் கணக்குக் கோப்பு ஒன்றில் இருப்பு 5,000 ரூபாய் எனக் கொள்வோம். 1,000 ரூபாயை வரவு வைக்க ஒரு நிரலும், 500 ரூபாயைப் பற்று வைக்க மற்றொரு நிரலும் ஒரே நொடியில் அக்கோப்பைப் படிக்கின்றன. இரண்டும் தத்தம் விடையை எழுதினால் இறுதியில் எழுதியதே நிலைக்கும். இருப்பு 6,000 அல்லது 4,500 என்றாகுமேயன்றி, உரிய 5,500 ஆகாது. இத்தகைய பிழையைத் தடுப்பதே கோப்புப் பூட்டு. ஒரு நிரல் பூட்டைப் பெற்றிருக்கும்வரை, அதே பூட்டைக் கோரும் பிற நிரல்கள் காத்திருக்கும்.

பூட்டு நெடுநேரம் விடுபடாவிடில், அதனை வைத்திருப்பது எது என அறிதல் இன்றியமையாதது. லினக்ஸ் இயக்க அமைப்பின் உட்கருவாகிய கெர்னல், இவ்விவரத்தை 'லாக்ஸ்' என்னும் மெய்நிகர்க் கோப்பின் வழியே அறிவிக்கிறது. பூட்டின் வகை, அது படிப்பதற்கா எழுதுவதற்கா என்பது, அதைப் பெற்ற செயல்முறையின் அடையாள எண், பூட்டப்பட்ட கோப்பின் பகுதி ஆகியவை அதில் வரிவரியாக இடம்பெறும். காத்திருக்கும் கோரிக்கைகள் அம்புக்குறியுடன் காட்டப்படும்.

ஒரே கணினியைப் பல தனித்தனி அறைகள்போலப் பிரித்துப் பயன்படுத்தும் 'கொள்கலன்' முறை பரவியபோது, இவ்வறிக்கையில் ஒரு குறை வெளிப்பட்டது. ஒவ்வொரு கொள்கலனும் தன் செயல்முறைகளுக்குத் தனி எண்வரிசை கொண்டது. ஆயினும் அறிக்கை, கணினியில் உள்ள பூட்டுகள் அனைத்தையும் எல்லாக் கொள்கலன்களுக்கும் காட்டியது. தனக்குத் தொடர்பற்ற பூட்டுகளின் நீண்ட பட்டியலைப் படிக்க நேர்ந்ததால், ஆய்வுக் கருவிகள் தாமதமடைந்தன.

2016 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 4.9 பதிப்பில் இக்குறை களையப்பட்டது. அதன்பின், ஒரு கொள்கலனுக்குள்ளிருந்து காணும் அறிக்கையில் அதன் எண்வரிசைக்கு உட்பட்ட செயல்முறைகளின் பூட்டுகள் மட்டுமே இடம்பெறுகின்றன. கணினியின் முதன்மை எண்வரிசையிலிருந்து காண்போருக்கு முழுப் பட்டியலும் வழக்கம்போல் கிடைக்கிறது.

மாறியது அறிக்கையே, பூட்டின் இயல்பு மாறவில்லை. இரு கொள்கலன்கள் ஒரே கோப்பைப் பகிர்ந்துகொள்ளும்போது, ஒன்று பெற்ற பூட்டு மற்றதன் அறிக்கையில் தோன்றாது. எனினும் மற்றது காத்திருந்தே ஆக வேண்டும். எனவே, பட்டியல் வெறுமையாக இருப்பதைக் கண்டு பூட்டே இல்லை என முடிவு செய்தல் தவறு. அறிக்கை யாருடைய பார்வையில் அளிக்கப்படுகிறது என்பதை அறிந்த பின்னரே அதன் பொருளை உணர இயலும்.