சரஸ்: ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கணக்கு

பெங்களூரு தேசிய விமானவியல் ஆய்வகம் 'சரஸ்' விமானத்துக்குப் போட்ட திட்டம் கேட்க எளிமையானதுதான். 14 இருக்கை, இரண்டு டர்போபிராப் எஞ்சின், பெரிய விமானங்களில் உள்ளதுபோல் காற்றழுத்தம் காக்கும் கேபின். கூட்டுச் சேர்ந்த ரஷ்யாவின் மியாசிஷேவ் நிறுவனம் பணமுடையால் விலகிக்கொண்டது. 1999-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது.

சிக்கல் அந்தக் கேபினில்தான். 25,000 அடி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை. சில நிமிடங்களில் மனிதனுக்குப் புத்தி தடுமாறும். அதனால் எஞ்சினின் கம்ப்ரஸரிலிருந்து காற்றைப் பிரித்துக் கேபினுக்குள் செலுத்துகிறார்கள். மேலே போகும்போதெல்லாம் உடற்கூடு மெல்ல உப்பும், இறங்கினால் தளரும். ஆயிரக்கணக்கான முறை அப்படி நடந்தாலும் ஜன்னலோரத்தில் மயிரிழை விரிசல்கூட விழக்கூடாது. அதற்காகச் சட்டங்கள் கூடும், தகடு தடிக்கும். 300 பேர் போகும் விமானம் இந்தச் சுமையைத் தாங்கிக்கொள்ளும். 14 பேர் விமானத்திலோ அது பயணியின் இடத்தையே பிடுங்கிக்கொள்ளும்.

சரஸ் தடுமாறியதும் எடையில்தான். காலி எடை சுமார் 4,125 கிலோ என்று கணக்கிட்டிருந்தார்கள். 2004 மே 29-ல் முதலில் பறந்த முன்மாதிரி 5,118 கிலோ இருந்தது. எஞ்சின்கள் வால்பக்கம் இருந்து பின்னாலிருந்து தள்ளும் அமைப்பு. கேபினில் சத்தம் குறையும், ஆனால் கனம் பின்னால் சேரும். இரண்டாவது முன்மாதிரியில் 850 குதிரைத்திறன் எஞ்சின்களுக்குப் பதில் 1,200 குதிரைத்திறன் எஞ்சின்களை வைத்தார்கள். முதலில் எடையோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

2009 மார்ச் 6 அன்று அந்த இரண்டாவது விமானம் பறக்கும்போதே ஒரு எஞ்சினை நிறுத்தி, மறுபடி இயக்கிப் பார்க்கும் சோதனைக்குப் போனது. நின்ற எஞ்சினின் புரொப்பெல்லர் இதழ்கள் காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியிருக்க வேண்டும். தட்டையாக நின்றால் அந்தப் பக்கத்தையே பிடித்து இழுக்கும். அந்த மறுஇயக்க முறையே தவறாக வகுக்கப்பட்டிருந்தது, உயரமும் போதவில்லை என்றது விசாரணை. பிடதி அருகே விமானம் விழுந்தது. விங் கமாண்டர்கள் பிரவீண் கோட்டேகொப்பா, திபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா மூவரும் உயிரிழந்தனர்.

அதன்பிறகு திட்டம் பல ஆண்டுகள் முடங்கியது. விபத்தைவிட இந்த முடக்கம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. எங்கே தவறினோம் என்று தெரிந்துவிட்ட நேரத்தில் அல்லவா பணமும் ஆளும் கூடுதலாகத் தந்திருக்க வேண்டும்? மூன்று உயிரைக் கொடுத்துப் பெற்ற பாடத்தை அலமாரியில் பூட்டி வைப்பது எந்த வகையில் நியாயம்?

2018 ஜனவரி 24-ல் மாற்றியமைத்த முதல் முன்மாதிரி பெங்களூருவிலிருந்து கிளம்பி, 8,500 அடிவரை ஏறி, சுமார் 40 நிமிடம் பறந்து பத்திரமாக இறங்கியது. அடுத்த வடிவமான 'மார்க் 2' 19 இருக்கை கொண்டது. ஐந்து இருக்கை கூடியிருக்கிறது. எடைக் கணக்கை இந்த முறை வரைபடத்திலேயே தீர்த்தாக வேண்டும்.