ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரைப் புதுப்பிப்பது எப்படி?

கன்டெய்னர்களில் அடைத்த மென்பொருள்களைப் பல கணினிகள் சேர்ந்த கிளஸ்டரில் பகிர்ந்து ஓட்டும் தளம் குபெர்நெட்டிஸ். 2014-இல் கூகுள் இதைத் திறமூலமாக வெளியிட்டது. இப்போது ஆண்டுக்கு மூன்று பதிப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் திருத்தங்கள் கிடைப்பது ஏறத்தாழ 14 மாதங்களுக்குத்தான். ஆகவே புதுப்பிப்பைத் தள்ளிப்போடலாம், தவிர்க்க முடியாது. வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் தளத்தை மொத்தமாக நிறுத்தவும் முடியாது. எனவேதான் கட்டம் கட்டமாகச் செய்கிறார்கள்.

முதல் வேலை படிப்பது. புதிய பதிப்பில் என்னென்ன நீக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். 1.25-இல், பாதுகாப்பு விதிகளுக்கான ‘பாட் செக்யூரிட்டி பாலிசி’ அடியோடு போய்விட்டது. அதை நம்பியிருந்தவர்கள் முன்கூட்டியே மாற்று ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அடுத்து, கிளஸ்டரின் நிலை முழுவதும் பதிவாகியிருக்கும் எட்சிடி தரவுத்தளத்தை பேக்கப் எடுக்க வேண்டும்.

பிறகு கிளஸ்டரை நிர்வகிக்கும் கன்ட்ரோல் பிளேன், அதிலும் கட்டளைகளைப் பெறும் ஏபிஐ சர்வர் முதலில். இங்கே தாவக் கூடாது: 1.27-இலிருந்து 1.29-க்குப் போக 1.28 வழியாகத்தான் போக வேண்டும். கிளஸ்டரிலுள்ள கணினிகளை நோடுகள் என்பார்கள்; அவற்றில் வேலை செய்யும் நோடுகளுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. அவற்றில் ஓடும் கியூப்லெட் என்ற முகவர் நிரல், 1.28 முதல், ஏபிஐ சர்வரைவிட மூன்று பதிப்புகள் வரை பின்தங்கியிருக்கலாம், முந்தியிருக்கக் கூடாது. இந்தச் சலுகை இருப்பதால்தான் நோடுகளை ஒரே இரவில் மாற்றாமல் நிதானமாக மாற்ற முடிகிறது.

ஒரு நோடை எடுத்தால், முதலில் ‘கார்டன்’: கன்டெய்னர்களை ஏந்தும் பாட்கள் புதிதாக அதில் ஏறாது. அடுத்து ‘டிரெயின்’: இருப்பவை வெளியேற்றப்பட, அவற்றுக்கு மாற்றானவை வேறு நோடுகளில் எழும். புதுப்பித்ததும் ‘அன்கார்டன்’. பலர் மாட்டிக்கொள்வது டிரெயினில்தான். ஒரே ஒரு பிரதியில் ஓடும் சேவைக்கு ‘எப்போதும் ஒன்றாவது இயங்க வேண்டும்’ என்று யாரோ விதி எழுதிவைத்திருப்பார்கள். அந்த ஒன்றை அகற்ற விதி விடாது. டிரெயின் முடியவே முடியாது. பிரதிகளை இரண்டாக்கினால் வழி திறக்கும்.

இவ்வளவும் தெரிந்த நிறுவனங்களும் சறுக்கியிருக்கின்றன. 2023 மார்ச் 14 அன்று ரெட்டிட் தளம் 314 நிமிடங்கள் முடங்கியது. ஒரு கிளஸ்டரை 1.23-இலிருந்து 1.24-க்கு மாற்றியபோது நடந்தது இது. நோடுகளில் இருந்த ‘மாஸ்டர்’ என்ற லேபிளை 1.24 நீக்கிவிட்டது, அதன் இடத்தில் ‘கன்ட்ரோல் பிளேன்’ என்ற பெயர் முன்பே வந்திருந்தது. ரெட்டிட்டின் நெட்வொர்க் அமைப்போ, வழிகாட்டும் நோடுகளைப் பழைய லேபிளை வைத்தே தேடிக்கொண்டிருந்தது. தேடியது கிடைக்காததால் கிளஸ்டருக்குள் போக்குவரத்து நின்றது.

குபெர்நெட்டிஸில் முந்தைய பதிப்புக்குத் திரும்ப முறையான வழி கிடையாது. பேக்கப்பிலிருந்து மீட்பதுதான் வழி. ரெட்டிட்டும் அதைத்தான் செய்தது, அதுவும் காலாவதியான ஒரு பதிப்புக்கு எழுதிவைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு. மீட்டுப் பார்த்திராத பேக்கப்பை வைத்துக்கொண்டு எந்தக் குழுவும் முதல் கட்டத்தையே தொடங்கக் கூடாது.