சம்பளம் இல்லாத கேப்டன்

போனக்காட்டில் ஆகாய விமானம் என்றால், அண்ணாந்து பார்க்கிற ஒரு சத்தம், அவ்வளவுதான். விதுராவுக்கு அப்பால், அகஸ்தியர்கூடத்தின் அடிவாரத்தில் உள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் லயங்களில் இருக்கிறார்கள். கொழுந்து அரைத்த தொழிற்சாலை பாழடைந்து நிற்கிறது. கூலிப் பாக்கிக்கும் கிராஜுவிட்டிக்கும் நடையாய் நடந்தவர்கள் ஏராளம். இவர்களுக்கு விமானத்தில் வேலை பார்ப்பவர்களைப் பற்றிய வானொலி நாடகம் எதற்கு என்று கேட்கலாம். அந்த நாடகத்தில் வருகிற கேப்டனுக்கும் சம்பளம் கிடையாது!

நாடகத்தின் பெயர் 'கேபின் பிரஷர்'. ஜான் ஃபின்னமோர் எழுத, பி.பி.சி. நான்காம் வானொலியில் 2008 முதல் 2014 வரை ஒலிபரப்பானது. கதைகளுக்கு ஆங்கில அகரவரிசைப்படி ஊர்ப் பெயர்கள். அபுதாபியில் புறப்பட்டு சூரிச்சில் இறங்குகிறது.

கம்பெனிக்கு இருப்பது ஒரே ஒரு விமானம். கரோலின் என்ற அம்மாள், விவாகரத்தில் கணவரிடமிருந்து பெற்றது. முதலாளியும் அவரே, பயணிகளுக்குச் சாப்பாடு கொடுப்பவரும் அவரே. கூட வேலை செய்யும் பணியாளன் ஆர்தர், அவருடைய மகன், வெகுளி, எதைக் கண்டாலும் பிரமாதம் என்பான். துணை விமானி டக்ளஸ் பழம் தின்று கொட்டை போட்டவர். கேப்டன் மார்ட்டின் மட்டும் பறக்கிற ஆசையில் சம்பளமே வேண்டாம் என்று சேர்ந்தவன். வயிற்றுப்பாட்டுக்குத் தகப்பனார் விட்டுப்போன வேனில் சாமான் ஏற்றி இறக்குகிறான். தோளில் பட்டை, கையில் மூட்டை! இந்த வேடத்தில் பேசியவர் பெனடிக்ட் கம்பர்பேட்ச்.

விமானக் கதைக்கு வானொலியைப்போலப் பொருத்தமான இடம் வேறில்லை. பயணிக்குக் கேப்டன் என்பவர் ஒலிபெருக்கியில் வரும் குரல்தானே! மணிச் சத்தம், அறிவிப்பு, இஞ்சின் இரைச்சல் போதும். மீதியைக் காது கட்டிக்கொள்ளும். பயணிகளின் கண்ணெதிரிலேயே ஓர் எலுமிச்சம்பழத்தை அவர்கள் கவனிக்காத இடமாகப் பார்த்து வைத்து இவர்கள் விளையாடுகிற விளையாட்டைக் கேட்டால், நீண்ட ஷிப்டில் பொழுதை ஓட்டிய எவருக்கும் சிரிப்பு வரும்.

சிரிப்பு இல்லாத பக்கமும் இந்தத் தொழிலுக்கு உண்டு. நம் ஏர் இந்தியாவில் பணிப்பெண்ணுக்கு ஒரு காலத்தில் இருந்த விதி இது: 35 வயதானால் ஓய்வு, சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்தால் வெளியே, முதல் முறை கர்ப்பமானாலும் வெளியே. எது முந்துகிறதோ அது. மேலிடம் மனம் வைத்தால் 45 வரை நீட்டிக்கலாம். அதே விமானத்தில் வேலை பார்த்த ஆண் உதவிப் பர்சருக்கோ 58 வயது வரை உத்தியோகம்!

நர்கேஷ் மீர்சாவும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 1981 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு, கர்ப்பத்துக்காக வேலையை விட்டு நீக்குவது இந்தியப் பெண்மைக்கே அவமானம் என்று கண்டித்து அந்த விதியை ரத்து செய்தது. மேலிடத்தின் தன்னிச்சையான அதிகாரமும் போயிற்று. ஆனால், நான்கு ஆண்டுக் கல்யாணத் தடை நியாயமானதே என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பாதிக் கதவுதான் திறந்தது.

பிள்ளை பெற்று வளர்த்து, அந்தப் பிள்ளையோடு சேர்ந்தே காபித் தட்டு ஏந்தி நடக்கிற கரோலின் அம்மாளை அந்த விதி ஒரு நாளும் விமானத்தில் ஏற்றியிருக்காது.

மார்ட்டின் என்ன ஆனான்? வேறொரு பெரிய விமானக் கம்பெனி அவனைக் கூப்பிடுகிறது. அங்கே சம்பளம் உண்டு. ஆனால் அவன் போய்விட்டால் கரோலினின் கம்பெனி நிற்குமா, நண்பர்கள் கதி என்ன என்று தவிக்கிறான். காசே வாங்காத இடத்தை விட்டுப் போகத்தான் அவனுக்கு அத்தனை கஷ்டம்.